பாக்டீரியா மாதிரி இருந்தது, ஆனா பாக்டீரியா இல்லை

உயிரினங்களை எத்தனை உலகமா பிரிக்கலாம்? ஸ்கூல்ல நாம எழுதின பதில், ஐந்து. ஆனா ஆரம்பத்துல ரெண்டுதான். 1735-ல லின்னேயஸ் தாவரம், விலங்குன்னு பிரிச்சார். ரெண்டுலயும் சேராத நுண்ணுயிர்களுக்காக 1866-ல ஹெக்கல் புரோட்டிஸ்டாவைச் சேர்த்தார். 1969-ல விட்டேக்கர் போட்ட கணக்குதான் நம்ம ஐந்து: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு.

இதுல மொனிராதான் எனக்கு இடிக்குது. செல்லுக்குள்ள உட்கரு இல்லையா? தூக்கி மொனிராவுல போடு. நம்ம எல்லார் லேப்டாப்லயும் 'மிஸ்லேனியஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதே கதை. ஒண்ணு இல்லைங்கிறதுக்காக எல்லாரும் சொந்தக்காரங்க ஆகிடுவாங்களா?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டவர் கார்ல் வூஸ். அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகம். அடிப்படையில இயற்பியல் படிச்சவர். உருண்டை, குச்சி, சுருள்னு வடிவத்தை வெச்சு நுண்ணுயிர்களோட வம்சாவளியைச் சொல்ல முடியாது. அதனால அவர் ரைபோசோமுக்குள்ள போனார். புரதம் தயாரிக்கிற இந்த மெஷின் எல்லா செல்லுலயும் உண்டு. அதுல இருக்கிற ஆர்.என்.ஏ ரொம்ப மெதுவாத்தான் மாறும். அதை ஒப்பிட்டா எந்த ரெண்டு உயிருக்கும் நடுவுல உள்ள உறவு தெரியும்.

இன்னைக்கு மாதிரி அப்போ சீக்வென்சிங் மெஷின் கிடையாது. ஆர்.என்.ஏ-வுல கதிரியக்க பாஸ்பரஸை ஏத்தி, என்சைமால துண்டு துண்டா வெட்டி, ஃபிலிம்ல விழற கறுப்புப் புள்ளிகளைக் கண்ணாலயே படிக்கணும். வருஷக்கணக்கா அதைத்தான் செஞ்சார்.

1976-ல சக விஞ்ஞானி ரால்ஃப் உல்ஃப் வளர்த்த ஒரு மீத்தேன் நுண்ணுயிரைப் பரிசோதிச்சாங்க. மாட்டு வயித்துலயும் குப்பை மேட்டுலயும் மீத்தேன் உண்டாக்குற கூட்டம் இது. எல்லா பாக்டீரியாவுலயும் விழுந்த சில புள்ளிகள் இதுல விழவே இல்லை. திரும்பச் செஞ்சு பார்த்தும் அதே ரிசல்ட். 1977 நவம்பர்ல ஜார்ஜ் ஃபாக்ஸோட சேர்ந்து வூஸ் அறிவிச்சார்: இது பாக்டீரியாவே இல்லை, தனி வம்சம்!

நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல செய்தி வந்தது. பாராட்டு வரல. நோபல் பரிசு வாங்கின சால்வடோர் லூரியா உல்ஃபுக்கு போன் போட்டு, இதுல இருந்து விலகிடுங்க, பேரே கெட்டுடும்னு எச்சரிச்சார். பல நுண்ணுயிரியலாளர்கள் கண்டுக்கவே இல்லை.

1990-ல வூஸ், ஐந்து உலகத்துக்கும் மேல மூணு பேரரசு வெச்சார்: பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ள உயிர்கள். 1996-ல ஒரு ஆர்க்கியாவோட முழு ஜீனோமும் வெளிவந்தது. டி.என்.ஏ-வைப் படிச்சு வேலை செய்யவைக்கிற அதோட ஜீன்கள், பாக்டீரியாவை விட நம்ம ஜீன்களுக்குத்தான் நெருக்கமா இருந்தது. அப்பவும் எர்ன்ஸ்ட் மயர் மாதிரி பெரியவங்க ஒத்துக்கல. வூஸ் 2012-ல இறந்தார். அதுக்கு முன்னாடியே ஆர்க்கியா பாடப்புத்தகத்துக்குள்ள வந்துடுச்சு.

ஒரே ஃபோல்டர்ல பாக்டீரியாவோட கிடந்தது, நம்ம பக்கத்துச் சொந்தம்! உங்க ஸ்கூல் புக்ல எத்தனை உலகம் இருந்ததுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.