கணக்கு கொழும்புக்கு வந்த கதை

மட்டக்குளிக்கு வடக்கே களனி கங்கை கடலில் விழுகிறது. தெற்கே முகத்துவாரத்தைத் தாண்டினால் துறைமுகம். எங்கள் பக்கத்து வீடுகளில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்த பிள்ளை ஒன்று இருந்தால், ‘எஞ்சினியர்’ என்ற சொல் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளை கனவு காணும் குடிசார் பொறியியல் பட்டம் இந்தத் தீவில் பிறந்து முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்பு கல் இங்கே இருந்தது, கை இங்கே இருந்தது. கணக்கு மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது.

துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவரே இதற்குச் சாட்சி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நட்டார். பத்து ஆண்டுகளில் வேலை முடிந்தது. திட்டம் வகுத்தவர் சேர் ஜோன் கூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். கல்லை உடைத்தவர்கள் மஹரையில் அடைக்கப்பட்டிருந்த கைதிகள். தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல்கள் அச்சமின்றி நிற்க இடம் கிடைத்தது. காலியிலிருந்து கப்பல் வணிகம் கொழும்புக்கு மாறியது. ஆனால் ஒரு கொங்கிறீட் கட்டி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், அலை அதை எவ்வளவு வேகத்தில் தாக்கும் என்று கணக்குப் போட, இங்கே சொல்லிக்கொடுக்கும் பட்டப்படிப்பு எதுவும் இருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை 1893-இல் தொடங்கியது. பொதுவேலைத் திணைக்களத்துக்கும் புகையிரதத்துக்கும் கீழ்நிலை அலுவலர் தேவைப்பட்டார்கள் என்பதே அதன் தொடக்கத்துக்குக் காரணம். இருந்தும் அங்கே படித்த டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இலேயே இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். கீழ்நிலைக்கென்று தயாரித்த பாடசாலைக்குள் இருந்து அப்படி ஒரு தலை நிமிர்ந்தது. பாடசாலை பிறகு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அப்போதும் பட்டம் வேண்டுமென்றால் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுத வேண்டும்.

1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதும் அதில் பொறியியல் இருக்கவில்லை. 1950-இல்தான் பொறியியல் பீடம் கொழும்பில் திறந்தது. ஈ. ஓ. ஈ. பெரேரா முதல் பீடாதிபதி. விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில். பீடம் 1964-இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குப் போனது. கட்டுபெத்தையில் 1960-இல் கனடாவின் உதவியோடு எழுந்த தொழில்நுட்ப நிறுவனம், 1978-இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று.

அந்தக் கொழும்புக் காலத்து மாணவர் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வடமராட்சியிலிருந்து, ஹாட்லிக் கல்லூரியிலிருந்து வந்த அழகையா துரைராஜா 1957-இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் மண்ணை ஆராய்ந்தார். கயோலின் என்ற வெண்களிமண்ணை அமுக்கி, நறுக்குவிசை கொடுத்துப் பார்த்தார். மண் உருக்குலையும்போது எவ்வளவு ஆற்றல் உராய்வில் கரைந்துபோகிறது என்பதற்கு எளிமையான ஒரு தொடர்பு அவருடைய அளவீடுகளில் தெரிந்தது. ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை, ‘கேம் களிமண்’ என்று உலகம் படிக்கும் மாதிரியின் அடித்தளங்களில் ஒன்று. மென்மையான நிலத்தில் மண்ணை மேடுகட்டினால் அது எவ்வளவு இறங்கும், எப்போது சரியும் என்று இன்று கணினியில் பார்க்கிறவர்களில் பலர் அந்த வழியில் வந்த சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள். களனிக்கு அக்கரையில் பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்புக்கு மேலாகப் போகிறது. அந்த மாதிரி நிலத்தில்தான் இந்தக் கணக்கின் அருமை தெரியும். துரைராஜா பின்னர் பேராதனையில் பீடாதிபதியானார். 1988 முதல் 1994-இல் மறையும்வரை, போருக்கு நடுவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

இந்தப் பட்டம் பிறந்த கதையில் மறைக்கக் கூடாத ஒரு வடுவும் உண்டு. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும். தமிழ்மூல மாணவருக்கு 250 வேண்டும். பரீட்சை ஒன்று, வாசல் இரண்டு. அது அநீதி. அந்த 23 புள்ளிகளில் எத்தனை பாலங்கள், எத்தனை ஆசிரியர்கள் தொலைந்தார்களோ, யாராலும் எண்ண முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் மாணவரைச் சேர்த்தபோது துரைராஜா மறைந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கடந்திருந்தன.

படித்து முடித்தால் எங்கே போவார்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். சட்டென்று நினைவுக்கு வருவது கட்டடம். உண்மையில் தொழில் அதைவிட அகலமானது. நீர்ப்பாசனத் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகாரசபை, துறைமுக அதிகாரசபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகிய எல்லாமே இவர்களை நம்பி நிற்கின்றன. பலர் வளைகுடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையைப் பற்றித்தான் நான் பிள்ளைகளிடம் அதிகம் பேசுகிறேன். மலைச்சரிவுகளை அளந்து, எது சரியும் என்று சொல்பவர்கள் அவர்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்ட லயன்கள் 2014 ஒக்டோபரில் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. எச்சரிக்கை எழுதுவது பாதி வேலை. அங்கிருந்தவர்களுக்கு வேறு நிலம் கிடைக்கும்வரை விடாமல் நிற்பதும் பொறியியலாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதியில் கொழும்பு மாவட்டத்தின் இசட் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் உயரம். அது கைக்கு எட்டாத பிள்ளைக்கு வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் நிறுவனம் ஒன்று மட்டக்குளியிலேயே இருக்கிறது. அங்கே பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம், குடிசார் பிரிவும் உண்டு. அதற்கு மேலே பட்டம்வரை போக விரும்புகிறவர்கள் பிறகு நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தை நாடலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கவனித்து வைக்க வேண்டும்.