குழந்தையை அனுப்பினாலும் அதே விலை

பேரம் பேசுவது ஒரு காலத்தில் பெற்றோர் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட வேண்டிய வித்தையாக இருந்தது. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்வார். வாங்க வந்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இழுபறிக்குப் பிறகு நடுவில் ஓரிடத்தில் விலை படியும். சரக்கின் தரம், பக்கத்துக் கடை விலை, எப்போது வேண்டாம் என்று நகர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் லாபம். தெரியாத சிறுவனை அனுப்பினால் அவன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

இதை எதிர்த்தவர்கள் குவேக்கர்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். பத்து என்று சொல்லிவிட்டு ஏழுக்குக் கொடுத்தால், முதலில் சொன்னது பொய்தானே என்பது அவர்கள் வாதம். அதனால் ஒரே விலைதான் சொன்னார்கள்.

யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லாத இவர்களின் கடைகளுக்கு ஆரம்பத்தில் ஆட்கள் வரவில்லை. பிறகு நிலைமை மாறியது. அதன் காரணத்தை ஃபாக்ஸ் தன் நாட்குறிப்பில் சொல்கிறார். அவர் இறந்தபின் 1694-ல் அது அச்சானது. ஒரு குழந்தையை அனுப்பினாலும், பெரியவர் நேரில் போனதுபோலவே நியாயமாக நடத்துகிறார்கள் என்று ஊர் கண்டுகொண்டதாம்!

19-ம் நூற்றாண்டில் பெரிய கடைகளும் இந்த வழிக்கு வந்தன. நியூயார்க்கின் பிராட்வேயில் 1846-ல் ஏ.டி. ஸ்டூவர்ட் திறந்த கடையிலும், 1852 முதல் அரிஸ்டிட் பூசிகோ வளர்த்த பாரிஸின் போன் மார்ஷேயிலும் ஒரே விலைதான். இங்கே காரணம் வேறு. பேரம் பேசத் தெரிந்த விற்பனையாளரை உருவாக்க வருடங்கள் ஆகும். நூற்றுக்கணக்கான ஊழியர்களை நம்பி விலையை அவரவர் வாயில் விட முதலாளிகளால் முடியாது. விலைச் சீட்டு ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. விற்பனையும் வேகமாக நடந்தது.

ஆனால் ஒன்று கைநழுவியது. பேரத்தில் வாங்குபவருக்கும் விலையில் ஒரு சொல் இருந்தது. சீட்டில் உள்ள விலையை விற்பவர் மட்டுமே முடிவு செய்கிறார். சம்பளம், வீட்டு வாடகை, பழைய வண்டி எல்லாவற்றுக்கும் இன்றும் பேரம் உண்டு. அங்கே பழகாதவர்தான் அதிகம் கொடுக்கிறார், குறைவாக வாங்குகிறார். சிறுவர்களைக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போய் விலை கேட்கவும், தரம் பார்க்கவும், வேண்டாம் என்று சொல்லவும் பழக்குவது அதனால்தான் இன்றும் தேவை. பழகாத குழந்தையை ஏமாற்றக் கூடாது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.