பாரடேயின் மறதி

நாற்பது தாண்டிய இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியோ மறதியில் வந்து நிற்கிறது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடிய கதையைச் சொல்லி, "போச்சு ஸார், மூளை கலங்கிவிட்டது" என்று முடிக்கிறார்கள். என் கதாபாத்திரத்தின் பெயருக்கே பழைய அத்தியாயத்தைப் புரட்டுகிற நானும் அந்தக் கோஷ்டிதான். கோஷ்டிக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றால் மைக்கேல் பாரடேயைத்தான் சொல்வேன்.

1791-இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். இருபது வயதிலேயே, தோன்றுகிற எண்ணங்கள் உடனே எழுதி வைக்காததால் தப்பிப் போகின்றன என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். இருபதில் யாருக்கு ஐயா மறதி? 1831-இல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் வழி கண்டார். பத்து வருஷத்துக்குள் தலைசுற்றல், மறதி என்று ஓய்ந்துவிட்டார். 1841-இல் மனைவியோடு சுவிட்ஸர்லாந்து போனார். அந்த நோயாளி அங்கே ஒரே நாளில் 45 மைல் நடந்தார்!

பாஸல் நகரத்து ரசாயனப் பேராசிரியர் ஷோன்பைனுக்கு அவர் எழுதிய கடிதங்களில் மறதிப் புலம்பல் திரும்பத் திரும்ப வரும். அதே மனிதர்தான் 1845 செப்டம்பர் 13-ஆம் தேதி, கனமான கண்ணாடித் துண்டு ஒன்றின் ஊடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தம் திருப்புகிறது என்று கண்டார். பல வருஷங்களுக்கு முன் அவரே காய்ச்சிய கண்ணாடி அது. அதை மறக்கவில்லை, பாருங்கள்!

இன்றைய வைத்தியர்கள் மறதிக்காரரை உட்கார்த்தி வைத்து, சொற்களை ஒப்பிக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள். புலம்பலுக்கும் மதிப்பெண்ணுக்கும் உறவு சொற்பம். கவலைக்கும் மனச்சோர்வுக்குமே நெருக்கம் அதிகம். கவலை கவனத்தைத் தின்றுவிட்டால் விஷயம் மனத்தில் பதிவதே இல்லை. பதியாததைத்தான் மறந்துவிட்டோம் என்கிறோம். ஆனாலும் எல்லாரையும் சிரித்து அனுப்பிவிட முடியாது. சிலருக்குச் சோதனையில் தெரிவதற்குச் சில வருஷங்கள் முன்பே உள்ளே தேய்வு தெரிந்துவிடுகிறது.

பாரடே இதில் எந்த வகை? பாதரச விஷம் என்பவர்களும் உண்டு. கதைக்காரன் ஊகத்துக்கு மதிப்பில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1840-இல் பெரும்பாலும் களைப்பும் பயமும். 1860-ஐ ஒட்டி மெய்யான தேய்வு. பிற்காலத்தில் ஒரு சோதனையை வாரக்கணக்கில் செய்துவிட்டுக் குறிப்பைப் பார்த்தால், சில மாதங்களுக்கு முன் தாமே அதைச் செய்து முடித்திருந்தார். 1857-இல் ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தது. ஏற்றால் ஒரு வருஷம்கூடத் தம் புத்திக்கு உத்தரவாதம் இல்லை என்ற கருத்தில் நண்பர் டிண்டலிடம் சொல்லி மறுத்துவிட்டார்.

ஆனால் எழுதுவதை விடவில்லை. 1832 முதல் சோதனைக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாகத் தொடர் எண் போட்டார். எண் 16,000-ஐத் தாண்டியது. 1862 மார்ச் 12-ஆம் தேதி, சுடரின் ஒளியைக் காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் எழுதி வைத்தார். அதுவே கடைசிச் சோதனை. அந்த வருஷமே ஷோன்பைனுக்கு, எழுதுவதெல்லாம் பிதற்றலாக இருப்பதால் கடிதங்களைக் கிழித்துப் போடுவதாகத் தெரிவித்தார். 1867-இல் காலமானார்.

ஹாலந்து தேசத்து ஸீமன், பாரடே இப்படி முயன்றதைப் படித்துவிட்டு, 1896-இல் மேலான கருவியோடு அதே சோதனையைச் செய்தார். காந்தத்தின் நடுவே ஒளியின் நிறக்கோடுகள் அகன்றன. 1902-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது.