ஷை என்பது ஷேக் அன்று: பழைய பத்திரங்களில் நம் முன்னோரின் ஜீவனம்

வாடிப்பட்டியில் நம் பாட்டனார் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து சென்ற ஆண்டு ஒரு கிரயப் பத்திரம் வெளிவந்தது. மடிப்புகளில் கிழிந்து மை பழுப்பேறியிருந்த அதனைக் குடும்பத்தார் சூழ்ந்திருந்து வாசித்தோம். நிலம் வாங்கியவர் நம் பாட்டனாரின் தகப்பனார். அவர் பெயர் முதலில் முழுமையாகவும், பின்னர் 'ஷை ராவுத்தர்' என்றும் எழுதப்பட்டிருந்தது. "நாம் ஷேக் வம்சம் போலும்" என்று இளையவர் ஒருவர் மகிழ்ந்தார். 'ஜீவனம் கூலி' என்ற சொற்களைக் கண்ட பெரியத்தாவின் முகமோ வாடியது. "இதை வெளியில் காட்ட வேண்டாம்" என்றார். அந்த மகிழ்ச்சி, இந்த வாட்டம் இரண்டுமே தவறான வாசிப்பில் பிறந்தவை என்பது பின்னரே நமக்கு விளங்கியது.

குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொழில்களைச் சுருக்கி எழுதினர். விவசாயக் கூலியாள் 'ஏஜி லேப்' ஆனார். ஆண் பணியாள் 'எம்.எஸ்.' ஆனார். அங்கே நூறாண்டு கழிந்தபின் வீட்டுவாரிப் படிவங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் வெளியாயின.

நமக்கு அவ்வழி இல்லை. 1881 முதல் நாடெங்கும் ஒரே காலத்தில் கணக்கெடுப்பு நடந்தபோதிலும், அச்சேறியவை தொகைகளே; தனிமனிதர் பெயர்கள் அல்ல. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அப்பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்கிறது. 1901இல் தொழில்களை 520 பிரிவுகளாக வகுத்தனர். 1911இல் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு அறிஞரின் முறையைத் தழுவி 169 ஆகக் குறைத்தனர். நம் முன்னோர் ஒருவரின் பிழைப்பு அவற்றுள் ஏதோ ஒரு தொகையில் கரைந்து நிற்கிறது. அதனைப் பிரித்தெடுக்க இயலாது.

ஆயினும் கணக்கெடுப்பு மறைத்ததைப் பத்திரம் காட்டுகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஒருவரை அடையாளப்படுத்தும் விவரங்களாக வசிக்கும் ஊர், தொழில், பட்டம், தகப்பனார் பெயர் ஆகியவற்றை வரையறுத்தது. ஆகவே பழைய பத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சிறு குடும்பப் பதிவேடாகும். வீட்டிலுள்ள மூலம் சிதைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: இன்று தனித் தாலுகாவாக உள்ள வாடிப்பட்டி, முன்பு மதுரை ஜில்லா நிலக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது.

இனி எழுத்துகளுக்கு வருவோம். ௸ என்பது 'மேற்படி' என்பதன் குறி. எழுதுவோரும் வாசிப்போரும் அதனை 'ஷை' என்றே வழங்கினர். எனவே 'ஷை ராவுத்தர்' என்றால் மேலே சொல்லப்பட்ட ராவுத்தர் என்பதே பொருள். ஷேக் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். 'த/பெ' தகப்பனார் பெயர். 'க/பெ' கணவர் பெயர். தீர்வை ரசீதுகளில் வரும் 'பசலி' என்பது பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சென்னை மாகாணத்துப் பசலி ஜூலையில் தொடங்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1332 என்றால் 1922 ஜூலை முதல் 1923 ஜூன் வரை.

பெயரை அடுத்து நிற்கும் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. 'லெப்பை' என்பது சமூகத்தின் பெயராகவும் இருக்கலாம். ஊரில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவரின் பணியாகவும் இருக்கலாம். பெயரோடு ஒட்டி வருகிறதா, 'ஜீவனம்' என்ற சொல்லை அடுத்து வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஒரே பத்திரத்தைக் கொண்டு முடிவு கட்டாமல், அதே மனிதரின் இன்னொரு பத்திரத்தோடு ஒப்பிடுவது நன்று. ஒன்றில் 'விவசாயம்' என்றும் மற்றொன்றில் 'வியாபாரம்' என்றும் இருந்தால் இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். அக்காலக் கணக்கெடுப்பும் முதன்மைத் தொழிலையும் துணைத் தொழிலையும் தனித்தனியே கேட்டதை நினைவிற்கொள்க.

இவ்வாறு பொறுமையாக வாசித்தபின் பெரியத்தாவிடம் அப்பத்திரத்தை மீண்டும் எடுத்துச் சென்றோம். கூலி என்று எழுதப்பட்ட அந்த மனிதர் பத்திரத்தில் யாராக நிற்கிறார் என்று கேட்டோம். எழுதிக் கொடுப்பவராக அல்ல, எழுதி வாங்குபவராக நிற்கிறார். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் பாசனம் பெற்ற இச்சமவெளியில், பிறர் வயலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் தமக்கென ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறார். நாம் மறைக்க நினைத்த சொல்லே அவருடைய உழைப்புக்குச் சான்றாக நிற்கிறது.

தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். வம்சாவளியை அறிந்துகொள்ளச் சொன்னதும் உறவைப் பேணுவதற்காகவே. பெருமை பேசுவதற்காக அன்று.

பெரியத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நாம் வரைந்து வைத்திருந்த குடும்ப மரத்தை வாங்கினார். தம் பாட்டனாரின் பெயருக்குக் கீழே 'ஜீவனம் கூலி' என்று தம் கையாலேயே எழுதினார். அதனருகில் அந்த நிலத்தின் சர்வே எண்ணையும் குறித்தார்.