44 நாட்கள்: லீட்ஸ் யுனைடெட் அணியும் பிரையன் கிளஃபும்

ஒரு கால்பந்து அணியில் பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும்? வீரர்கள் அதே வீரர்கள். மைதானமும் அதே மைதானம். பந்தும் மாறுவதில்லை. ஆனால் வெற்றி மட்டும் தோல்வியாக மாறிவிடுவது உண்டு. இதற்கு இங்கிலாந்தின் கால்பந்து வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் 1974-ஆம் ஆண்டு லீட்ஸ் யுனைடெட் கழகத்தில் நடந்தது. அந்த ஆண்டு நாட்டின் சாம்பியனாக இருந்த அணிக்கு ஒரு புதிய மேலாளர் வந்தார். 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். (இங்கிலாந்தில் அணியின் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்றே அழைப்பது வழக்கம். பயிற்சி, வீரர் தேர்வு, புதிய வீரர்களை வாங்குவது எல்லாம் அக்காலத்தில் அவர் பொறுப்பே.)

ரெவியின் குடும்பம்

டான் ரெவி 1961-இல் லீட்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றபோது அது இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக் கொண்டிருந்த சாதாரண அணி. அணியின் சீருடையை ரியல் மாட்ரிட் போல முழு வெள்ளையாக மாற்றினார். அந்த அணியைப் போல உயர வேண்டும் என்பதே அதன் பொருள். 1964-இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1968-இல் லீக் கோப்பை, 1969-இல் லீக் பட்டம், 1972-இல் எஃப்.ஏ. கோப்பை, 1968-லும் 1971-லும் ஐரோப்பிய ஃபேர்ஸ் கோப்பை என்று வெற்றிகள் வந்தன. 1973-74 பருவத்தில் முதல் 29 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் ஆடி, இரண்டாம் முறையாக லீக் பட்டத்தை வென்றது.

ரெவியின் பயிற்சி முறையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எதிரணியைப் பார்த்துவர ஆட்களை அனுப்புவார். அவர்கள் எழுதிவரும் நீண்ட அறிக்கைகளை ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் விளக்குவார். எந்த வீரர் எந்தக் காலால் உதைப்பார், எங்கே பலவீனம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் வீரர்கள் ஒன்றாகத் தங்கி பிங்கோ ஆடுவார்கள், கம்பளத்தின் மேல் பந்து உருட்டி விளையாடுவார்கள். ரெவி தன் கையாலேயே வீரர்களின் கால்களுக்கு மசாஜ் செய்துவிடுவதும் உண்டு. வீரர்களின் குடும்பங்களின் நலத்தையும் விசாரித்துக் கொள்வார். பில்லி பிரெம்னர், நார்மன் ஹண்டர், பீட்டர் லோரிமர் போன்றவர்கள் பதின்ம வயதிலிருந்து அவரிடம் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அவர் தந்தை போல.

இன்னொரு பக்கமும் உண்டு. லீட்ஸ் அணி முரட்டுத்தனமாக ஆடுகிறது, நடுவரை நச்சரிக்கிறது, நேரத்தைக் கடத்துகிறது என்று நாடு முழுவதும் பேச்சு இருந்தது. ஊரார் வெறுக்க வெறுக்க, அணிக்குள் ஒற்றுமை இறுகியது.

எதிரியே தலைவராக வந்தபோது

1974 ஜூலையில் இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளராக ரெவி சென்றுவிட்டார். தன் இடத்துக்கு மூத்த வீரர் ஜானி கைல்ஸை அவர் பரிந்துரைத்தார். கழக நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது பிரையன் கிளஃபை.

கிளஃப் திறமையில் குறைந்தவர் அல்ல. இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பி கவுண்டியை உயர்த்தி 1972-இல் லீக் சாம்பியன் ஆக்கியவர். ஆனால் லீட்ஸ் அணியைத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அதிகம் திட்டியவரும் அவரே. நடத்தைக்குத் தண்டனையாக லீட்ஸ் அணியை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்க வேண்டும் என்றுகூட 1973-இல் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் அதே அணிக்குத் தலைவராக வந்தார். கூடவே இன்னொரு குறையும் இருந்தது. டெர்பியில் அவருடைய வலது கையாக இருந்த பீட்டர் டெய்லர் இம்முறை வரவில்லை, பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். வீரர்களின் மனதை அறிந்து, கிளஃபின் கோபத்தைத் தணிக்கக் கூடியவர் அவர் ஒருவரே.

பயிற்சியில் வந்த மாற்றம்

கிளஃப் பொறுப்பேற்ற முதல் நாட்களிலேயே வீரர்களைக் கூட்டி, நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், அவை நேர்மையாக வென்றவை அல்ல என்ற பொருளில் பேசினார் என்று அந்த வீரர்கள் பலரும் பின்னாளில் சொன்னார்கள். காயங்களால் பல ஆட்டங்களை இழந்திருந்த எடி கிரேயிடம், நீ பந்தயக் குதிரையாக இருந்தால் எப்போதோ சுட்டிருப்பார்கள் என்றாராம். பத்தாண்டுகள் உழைத்துப் பெற்ற பதக்கத்தைக் குப்பை என்று சொன்னால் எந்த வீரருக்குத்தான் மனம் பொறுக்கும்?

பயிற்சி முறையும் தலைகீழானது. ரெவியின் பயிற்சியாளர் லெஸ் காக்கர் அவருடனே இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் டெர்பியிலிருந்து ஜிம்மி கார்டன் வந்தார். எதிரணி பற்றிய அறிக்கைகளைக் கிளஃப் விரும்பவில்லை. நல்ல வீரருக்கு ஆட்டம் எளிமையாக இருக்க வேண்டும், அதிகம் சொல்லிக் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும் என்பது அவர் கொள்கை. அது தவறான கொள்கை என்று சொல்லிவிட முடியாது, டெர்பியில் அது பலித்தது. ஆனால் ஒவ்வொரு நிமிடமும் திட்டமிடப்பட்ட வாழ்க்கைக்குப் பழகிய லீட்ஸ் வீரர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. தங்களை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார்கள்.

புதிதாக டங்கன் மெக்கென்சியையும், டெர்பியில் தன்னிடம் ஆடிய ஜான் மெக்கவர்ன், ஜான் ஓ'ஹேர் ஆகியோரையும் கிளஃப் வாங்கினார். அணியின் தூண்களுக்கு வயது ஏறிக் கொண்டிருந்தது. பிரெம்னருக்கு 31, கைல்ஸுக்கு 33. அவர்களுக்கு மாற்று தேவை என்பது உண்மை. ஆனால் மாற்று வீரர்கள் வந்த வேகத்தைப் பார்த்த மூத்தவர்களுக்கு, தங்களை வெளியே தள்ளத்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார் என்ற பயம் வந்தது.

சரிவு

ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெம்ப்லியில் லிவர்பூலுடன் சாரிட்டி ஷீல்டு ஆட்டம். கேப்டன் பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் கைகலப்பில் இறங்கி வெளியேற்றப்பட்டார்கள். சட்டையைக் கழற்றி எறிந்தபடி போனார்கள். ஆட்டம் 1-1 என முடிய, பெனால்டியில் லிவர்பூல் வென்றது. பிரெம்னருக்கு அபராதத்துடன் நீண்ட தடையும் விதிக்கப்பட்டது. கேப்டன் மிகவும் தேவைப்பட்ட வாரங்களில் அவர் மைதானத்தில் இல்லை.

லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஸ்டோக் சிட்டியிடம் 3-0 என்று தோல்வி. அடுத்து சொந்த மைதானத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 1-0 என்று தோல்வி. ஆறு லீக் ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. இரண்டு டிரா, மூன்று தோல்வி. சாம்பியன் அணி 22 அணிகளில் 19-ஆவது இடத்தில் கிடந்தது. லூட்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில் மெக்கவர்னைச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். நிர்வாகம் கூட்டிய கூட்டத்தில் வீரர்கள் தங்கள் மனக்குறையைக் கொட்டினார்கள். செப்டம்பர் 12 அன்று கிளஃப் நீக்கப்பட்டார். அன்றிரவே கிளஃபும் ரெவியும் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அருகருகே அமர்ந்து வாதாடியதை மக்கள் பார்த்தார்கள்.

அதன் பிறகு

அடுத்து வந்தவர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு. அமைதியானவர். பெரிய மாற்றம் எதையும் திணிக்காமல், காயப்பட்ட மனங்களைத் தேற்றினார். லீக்கில் அணி ஒன்பதாம் இடத்துக்கு ஏறியது. 1975 மே மாதம் பாரிஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்று, பேயர்ன் மியூனிக்கிடம் 2-0 என்று தோற்றது. ஆக, வீரர்களிடம் ஆட்டம் தீர்ந்துபோய்விடவில்லை.

கிளஃபிடமும் திறமை தீர்ந்துபோய்விடவில்லை. 1975 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் இருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்குச் சென்றார். 1976-இல் டெய்லர் மீண்டும் வந்து சேர்ந்தார். 1978-இல் ஃபாரஸ்ட் லீக் சாம்பியன். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. அந்தக் கோப்பையை இரண்டு முறையும் கேப்டனாக உயர்த்திப் பிடித்தவர், லீட்ஸ் ரசிகர்கள் கேலி செய்த அதே ஜான் மெக்கவர்ன்!

முடிவுரை

அப்படியானால் 1974-இல் தவறு எங்கே? ரெவியின் முறையும் வென்றது, கிளஃபின் முறையும் வென்றது. நம்பிக்கை வருவதற்கு முன்பே மாற்றம் வந்ததுதான் தவறு. வீரர்களின் பழைய உழைப்பை மதித்து, பிறகு புதியதைச் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருக்கலாம். கிளஃப் முதலில் அவமதித்தார், பிறகு மாறச் சொன்னார். வீரர்கள் மீதும் குற்றம் உண்டு. போன தலைவரை மறக்க அவர்கள் முயலவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று நிர்வாகம் யோசிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை அது.

பயிற்சியாளர் மாறும்போது பயிற்சி அட்டவணையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மனதை மாற்ற 44 நாட்கள் போதாது.