எல்லைச் சாலையும் ஸ்டியரிங்கும்

திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுள் இவ்வழியே காரோட்டி ஊர் திரும்புவோரும் உண்டு. ஓட்டுநர் கருதும் திசைக்குச் சக்கரங்களைத் திருப்புவது ஸ்டியரிங். அது பழுதுற்றால் யார் மாற்றுவது, எங்கே மாற்றுவது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை இருந்திருக்கிறது. அவ்வரலாற்றை இச்சாலையின் வழியே நோக்குவோம்.

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். மறுநாள் முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தனர். அரசு முதலில் ஏற்ற தடம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரித் தடமே. இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பாரின் மேற்பார்வையில், உள்ளூர்த் தொழிலாளரே அவற்றின்மீது வண்டிக்கூடு கட்டினர்.

அக்காலக் கனரக வண்டிகளில் பொதுவாக இருந்தது திருகுப்பல் அமைப்பு. ஸ்டியரிங் தண்டின் முனையிலுள்ள திருகு, எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் சுழன்று, பல மூட்டுகளின் வாயிலாகச் சக்கரங்களைத் திருப்பும். திருகு தேய்ந்தால் உள்ளிடைவெளியைச் சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும். ஆகவே அப்பணி பட்டறைக்கே உரியதாயிற்று.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஓர் அரசின் ஒரே தடமாக இருந்த சாலை இரு மாநிலச் சாலையாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் காரின் உள்ளமைப்பிலும் ஒரு மாறுதல் இந்நாட்டில் பரவிக்கொண்டிருந்தது.

அதுவே ராக் எனப்படும் பற்சட்டம். நீண்ட இரும்புத் தண்டில் பற்கள் வெட்டி, அவற்றோடு ஒரு சிறு பற்சக்கரத்தைப் பொருத்தினால், சக்கரத்தின் சுழற்சி தண்டின் இடவல நகர்ச்சியாக மாறும். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியிலேயே பற்சட்டம் இருந்தது. 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் காரும் இவ்வமைப்பையே கொண்டிருந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை வங்காளத்து உத்தரப்பாராவில் உருவாகி, பற்சட்டத்தை நம் சாலைகளில் பழக்கப்படுத்தியது. 1983-இல் வந்த மாருதி 800 அதனை மேலும் பல இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. சென்னையில் 1929-இல் வணிக நிறுவனமாகத் தோன்றிய ராணே, பிற்காலத்தில் ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்யலாயிற்று. உதிரி உறுப்பு உள்நாட்டிலேயே கிடைத்ததும், பழுதான ராக்கை முழுமையாகக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வேலை வீட்டு முற்றத்திலும் இயல்வதாயிற்று.

இப்பகுதியில் அவ்வேலைக்குத் தேவை மிகுதி. ஆண்டுக்கு இரு பருவமழை, மண்ணோ செம்மண். பற்சட்டத்தின் இரு முனைகளையும் மூடும் ரப்பர் உறை கிழிந்தால், சேற்று நீர் உள்ளே புகுந்து பற்களைத் தின்னும். கைச்சக்கரத்தில் வெற்றாட்டமும், மேடுபள்ளத்தில் தட்டும் ஓசையும் அதன் அறிகுறிகள்.

மாற்றும் முறை அரிதன்று. ஆயினும் கவனம் வேண்டும். காரை ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்தல் வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் உயிருக்கே கேடு. சக்கரங்களை நேராக வைத்து, தண்டின் இணைப்பில் அடையாளமிட வேண்டும். டை ராட் முனைகளைக் கழற்றும்போது அவை எத்தனை சுற்றில் கழன்றன என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய ராக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, அதில் பாதியில் நிறுத்திய பின்னரே பூட்டுதல் வேண்டும்.

இத்தனையும் செவ்வனே செய்தாலும், சக்கரங்களின் நேர்மையைக் கண்ணளவால் அறிதல் இயலாது. கருவியுள்ள பட்டறையில் அதைச் சரிபார்த்த பின்னரே நெடும்பயணம் தகும். அன்றியும், இன்றைய கார்கள் பலவற்றில் மின்விசை ஸ்டியரிங் உண்டு. கைச்சக்கரத்தினுள் காற்றுப்பையும் உண்டு. ராக்கைக் கழற்றியிருக்கும்போது கைச்சக்கரம் கட்டின்றிச் சுழன்றால் காற்றுப்பைக்குச் செல்லும் மின்சுருள் அறுபடும். கோணமறியும் உணரியையும் கணினி கொண்டு மீண்டும் ஒழுங்குசெய்ய நேரும். ஒரு காலத்தில் பட்டறையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்த வேலை, இன்று மீண்டும் பட்டறையை நாடுகிறது.

ஆதலால், பழைய கார் வைத்திருப்போர் கைத்திறனை மறவாதிருக்கட்டும். புதிய கார் வைத்திருப்போர் அதன் எல்லையை அறிந்திருக்கட்டும். ஊருக்குப் புறப்படுமுன் இருவருமே குனிந்து அந்த ரப்பர் உறையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.