இதயச் சுவரில் துவாரம் இல்லை என்று எழுதிய ஷாபிஈ அறிஞர்



"குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தது வில்லியம் ஹார்வி அல்ல, எங்கள் இப்னு நபீஸ்தான். வெள்ளைக்காரன் திருடிவிட்டான்" என்றொரு செய்தி அடிக்கடி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் பாதி சரி, பாதி பிழை. சாதாரண தரத்தில் இதயம் பற்றிப் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பகிர்வதால், நடந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் பழைய நம்பிக்கை. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கலன், நாம் உண்ணும் உணவு ஈரலுக்குப் போய் அங்கே இரத்தமாக மாறுகிறது என்றார். வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் வயலோடு முடிந்துவிடுவதைப் போல, அந்த இரத்தமும் உறுப்புகளுக்குப் போய் அங்கேயே செலவாகிவிடும். இதயத்தின் வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றினூடாகக் கொஞ்சம் இரத்தம் இடது பக்கத்துக்குக் கசிகிறது என்பதும் அவருடைய கருத்து. மாபெரும் அறிஞர் இப்னு சீனாவின் 'கானூன்' நூலும் பெரும்பாலும் இதே வழியில்தான் போனது.

இப்னு நபீஸ் டமஸ்கஸ் பக்கத்தில் பிறந்து, அங்கே வைத்தியம் படித்து, கெய்ரோவில் வாழ்ந்தவர். எங்களைப் போலவே ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். வைத்தியத்தோடு, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹும் கற்பித்தார். 1242 இல், 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, அதில் தெரியும் துவாரமும் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை என்று அதில் எழுதிவிட்டார். அப்படியானால் இரத்தம் இடது பக்கத்துக்கு எப்படிப் போகிறது? வலது இதயவறையிலிருந்து சுவாசப்பைக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகு இதயத்தின் இடது பக்கத்துக்கு வருகிறது. சுவாசப்பையில் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் இடையில் நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதயத் தசை போஷணை பெறுவது அந்தத் தசைக்குள்ளேயே ஓடும் குழாய்களால்தான் என்றும் எழுதினார். அந்தக் குழாய்களில் ஒன்று அடைபட்டால் வருவதைத்தான் இன்று நாம் மாரடைப்பு என்கிறோம்.

இது சாதாரண விஷயமில்லை. ஆயிரம் வருடங்களுக்கு மேல் யாரும் மறுக்காத கருத்தை, இப்னு சீனாவின் நூலுக்கே உரை எழுதியபடி, மரியாதை குறையாமல் மறுத்திருக்கிறார்.

ஆனால் அவர் சொன்னது இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் இடையிலான பாதையை மட்டும்தான். உடம்பு முழுக்கப் போகும் இரத்தம் திரும்ப இதயத்துக்கே வருகிறது என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஹார்வி. 1628 இல் அவர் வெளியிட்ட நூலின் பலம் ஒரு எளிய கணக்கு. இன்றைய எண்களில் செய்து பாருங்கள். இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லீற்றர். ஒரு மணித்தியாலத்துக்கு 294 லீற்றர்! எந்த ஈரலாலும் சாப்பாட்டிலிருந்து அவ்வளவு இரத்தத்தைச் செய்ய முடியாது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருப்பதே சுமார் 5 லீற்றர்தான். ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

அவர் கையைக் கட்டியும் காட்டினார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போது முழங்கைக்கு மேலே ஒரு றப்பர் பட்டியைக் கட்டுவார்களே, அப்போது கட்டுக்குக் கீழேதான் நாளங்கள் புடைக்கின்றன. நாங்கள் பேச்சில் 'நரம்பு' என்று சொல்வது இந்த நாளங்களைத்தான். இரத்தம் கைப்பக்கமிருந்து இதயத்தை நோக்கி வருகிறது, கட்டு அதை மறிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் மாறும் இடத்தை ஹார்வியாலும் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நான்கு வருடங்களின் பின், 1661 இல், இத்தாலியின் மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் வைத்து மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். இப்னு நபீஸ் 'இருக்க வேண்டும்' என்று சொன்ன நுண்ணிய வழிகள் அங்கே இருந்தன.

ஹார்வி திருடினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இப்னு நபீஸின் அந்தப் பக்கங்களை உலகம் மறந்தே போயிருந்தது. 1924 இல் ஜெர்மனியில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மாணவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பேர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியை வாசித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுதி 682 வருடங்களின் பின்! இப்னு நபீஸின் பெயரை மீட்டது அந்த மாணவரின் வாசிப்பு. பகிர்ந்த செய்திகள் அல்ல.

தமிழில் இந்தப் பாடம் வந்த கதையும் எங்கள் நாட்டில்தான் இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 60 க்கும் மேற்பட்ட உள்ளூர் வைத்தியர்களை உருவாக்கினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. தாய்மொழியில் படித்த வைத்தியர்தான் கிராமத்து மக்களோடு தங்குவார் என்பது அவரது எண்ணம்.

அறிவை எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பதன் பெறுமதி மாத்தளைக்காரருக்குப் புதிதல்ல. பெளத்தர்களின் திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்டது எங்கள் அலுவிகாரையில் என்பார்கள். வாயால் ஓதி வந்தது அழிந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இப்னு நபீஸைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லுங்கள். மத்ரஸாவில் பிக்ஹு கற்பித்த அவரே இதயத்தைப் பற்றியும் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு, "வலது சோணைக்கு வந்த இரத்தம் இடது கைவிரலுக்கு எந்த வழியாகப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். படம் பார்க்காமல் வழி சொல்லும் பிள்ளை, அந்த அறிஞரின் வேலையை ஒரு அடி முன்னே கொண்டுபோகிறது.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.